எண்ணெய் தேய்த்த தரை

ஓசூரில் மாநகராட்சி அரங்கத்தில் வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஏழு கிழமைகள் கிடையாது. நாற்காலி நாள், பந்து நாள் என்று இரண்டே வகைதான். இன்னிசைக் கச்சேரி, கம்பெனிக் குடும்ப விழா, வேலைவாய்ப்பு முகாம், கன்னட நாடகம், ஜெபக் கூட்டம் எல்லாம் நாற்காலி நாளில் சேர்த்தி. அன்றைக்கு மரத் தரையின் மேல் தடித்த பச்சை விரிப்பை உருட்டிப் போட்டு, அதன் மேல்தான் நாற்காலி போட வேண்டும். வாலிபாலோ பாட்மிண்டனோ இருந்தால் அது பந்து நாள். விரிப்பைச் சுருட்டி ஓரம் கட்டிவிட்டுத் தரையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும்.

பவுலினாவுக்குப் பந்து நாள்தான் பிடிக்கும். நாற்காலி நாளில் தரை கண்ணில் படாது.

அரங்கம் திறந்ததிலிருந்தே ஒப்பந்தக்காரர் மூலம் அங்கே துப்புரவு வேலையில் இருக்கிறாள். அதற்கு முன்னால் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். சொந்த ஊர் தெற்கே வடக்கன்குளம். கல்யாணம் ஆன கையோடு கணவர் அற்புதராஜுடன் இங்கே வந்து சேர்ந்தவள். அவருக்கு உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை. மகள் வின்சியைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் பெருக்கித் துடைக்கவும் அதிகம் இல்லாமல் போனபிறகு, பவுலினாவின் கை முழுக்க அரங்கத்துத் தரைக்குத்தான் போனது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் தரைக்கு வருவாள். மற்றவர்களையும் அப்படியே வரச் சொல்லுவாள்.

"கோயிலா இது?" என்று மேற்பார்வையாளர் திம்மப்பன் கேட்பார். பாகலூர்க்காரர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"கோயில்ல கூட இவ்வளவு மரம் போடல சார்" என்பாள் பவுலினா.

பாகலூர் சாலையில் ஒரு வரிசை வீட்டில் அவர்கள் குடியிருப்பு. பக்கவாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்வதி வீடு. பார்வதி ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுப் பிரிவில் வேலை செய்பவள். தண்டு ஒடிந்து ஏற்றுமதிக்கு ஆகாத பூக்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். பவுலினா ஒரு தூக்குவாளியில் மீன் குழம்போ பாயசமோ கொடுத்தால், அந்த வாளி வெறுமனே திரும்பாது. கழுவித் துடைத்த வாளிக்குள் ரோஜா இருக்கும். அதுதான் பவுலினா வீட்டு மாதா படத்துக்குப் போகும்.

"எங்க சாமிக்குக் கூட இவ்வளவு பூ வெக்கறதில்லக்கா. உங்க மாதாம்மா என்னெ நல்லா பாத்துக்கணும், சொல்லி வையுங்க" என்பாள் பார்வதி.

பார்வதியின் மகள் தர்ஷினி பிளஸ் ஒன் படிக்கிறாள். வாலிபால் ஆடுகிறவள். எகிறி அடிக்கும்போது வலைக்கு மேலே அவள் முழங்கை தெரியும். அரங்கத்தில் பயிற்சி கொடுக்கிற குருமூர்த்தி, இவள் விளையாட்டு விடுதித் தேர்வில் நிச்சயம் தேறுவாள் என்று சொல்லியிருந்தார். அங்கே சேர்ந்துவிட்டால் படிப்பையும் சாப்பாட்டையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அவளுடைய அப்பா ரத்தினவேலுக்கு மட்டும் அதில் நம்பிக்கை இல்லை. பிளஸ் டூ முடித்ததும் செல்போன் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பவுலினாவை தர்ஷினி 'பெரிம்மா' என்று கூப்பிடுவாள். பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒரே பேருந்தில் திரும்புவார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாவட்டப் பெண்கள் வாலிபால் போட்டி என்று முடிவாகியிருந்தது. பூஜையன்று காலையிலேயே அரங்கத்தில் துடைப்பம், வாளி, தரை தேய்க்கிற இயந்திரம், மின்விசைப் பலகை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். பவுலினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தன் துடைப்பக் கட்டைக்குத் தானே பூச்சரம் சுற்றினாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் கிளம்பவில்லை. தரையைத் திரும்பிப் பார்த்தாள்.

போன நாற்காலி நாளில் விரிப்பைத் தாண்டி மேடைக்கால் இழுத்த வெள்ளைக் கோடுகள், நாளைக்கு விருந்தினர்கள் உட்காரப்போகிற பக்கத்திலேயே அப்பட்டமாகத் தெரிந்தன. தரைக்கென்று வந்த திரவத்தைப் போட்டுத் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

பூஜைத் தட்டில் விளக்குக்கு வாங்கிய தேங்காய் எண்ணெய் பாட்டில் மீதமிருந்தது.

வடக்கன்குளத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் அவளுடைய அம்மா சிவப்புச் சிமெண்டுத் தரையில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்ப்பாள். பிறகு சாக்கை வைத்து அழுத்தித் துடைப்பாள். தரையில் ஆளின் நிழல் தெரியும். பவுலினா துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு கோட்டின் மேல் தேய்த்தாள். கோடு மறைந்தது. மரம் தேன் நிறத்துக்கு வந்தது. அந்த ஓர் இடம் மட்டும் பளபளத்ததில் பக்கத்து இடம் அழுக்காகத் தெரிந்தது. அதையும் தேய்த்தாள். அப்படியே எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு பட்டை முழுக்கத் தேய்த்து, சாக்குப் போட்டுத் துடைத்துவிட்டு, வெறுங்காலால் அதன் மேல் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். வழுக்கவில்லை.

மறுநாள் காலையில் திம்மப்பன் அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்.

"ஏனு பவுலினாக்கா, மொகா நோட்பஹுது! முகம் பாக்கலாம் போல இருக்குதே. என்ன போட்டீங்க?"

"கை போட்டேன் சார்" என்றாள் பவுலினா. எல்லோரும் சிரித்தார்கள். திம்மப்பன் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். விருந்தினர் வரிசையில் உட்கார்ந்த ஓர் அம்மாள்கூடத் தரையைக் காட்டிப் பக்கத்தில் ஏதோ சொன்னதை பவுலினா பார்த்தாள். அன்றைக்குக் காலை முழுவதும் அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பெண் அந்தப் பக்கம் தடுமாறினாள். வியர்வை என்று துணி போட்டுத் துடைத்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தர்ஷினி அதே ஓரத்தில் ஓடிவந்து எழும்பினாள். பந்து எதிர்ப்பக்கத்தில் அறைந்து விழுந்தது. கூட்டம் கத்தியது. அவள் கால் தரையைத் தொட்டதும் பாதம் மட்டும் தனியாக வெளியே போனது, முழங்கால் உள்பக்கம் மடங்கியது. கத்தல் நின்றபிறகுதான் அவள் அழுவது கேட்டது.

குருமூர்த்தி ஓடிவந்து அவள் காலைப் பிடித்தார். யாரோ அவளுடைய ஷூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். அடிப்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இத போட்டுக்கிட்டு வந்தா விழாம என்ன பண்ணும்?" என்றது ஒரு குரல். அதோடு காரணம் முடிவாகிவிட்டது.

பவுலினா விரிப்புச் சுருளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய கை துடைப்பக் கட்டையில் இருந்த பூச்சரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை எல்லோரும் போனபிறகு வெந்நீரில் சோடா கரைத்து அந்தப் பட்டையைத் தேய்த்தாள். தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் பிறகு மங்கலான மஞ்சளாகியது. மரத்தில் பளபளப்பு போகும்வரை தேய்த்தாள். விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். தேங்காய் வாசனை இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தோன்றியது, தான் தரையைச் சுத்தம் செய்யவில்லை, தடயத்தை அழித்திருக்கிறோம் என்று.

வீட்டுக்கு வந்து அற்புதராஜிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யாரும் கேட்டாவளா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு ஒப்பிக்க? வேணும்னேயா செஞ்ச? வாய வச்சிக்கிட்டு சும்மா கெட. வேலையும் போவும், பக்கத்து வீடும் போவும்."

"அந்தப் புள்ளைக்கு…"

"புள்ளைக்குத்தான் டாக்டர் பாக்காவல்ல? நீ என்ன டாக்டரா?"

முழங்கால் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, அறுவை தேவையில்லை, ஓய்வும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொன்னார். தர்ஷினி காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தாள். பவுலினா தினமும் தூக்குவாளியோடு போனாள். ஆட்டுக்கால் சூப், முருங்கைக்கீரை, முட்டை. பார்வதி கண்கலங்குவாள்.

"பெத்த மவளுக்குக் கூட இப்புடி யாரும் செய்ய மாட்டாங்கக்கா. நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னாயிருப்பேனோ."

பவுலினாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்க முடியாது. வாளியை வைத்துவிட்டு உடனே எழுந்துவிடுவாள். ஆனால் சுவர் ஒரு செங்கல் கனம்தான். அந்தப் பக்கம் ரத்தினவேல் பேசுவது இந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் கேட்கும்.

"எங்க வாங்குன அந்த ஷூவ? இன்னொரு தடவ சொல்லு."

"குந்தாரப்பள்ளி சந்தையிலதான். எத்தன தடவ கேப்ப?"

"மாட்டுச் சந்தையில! மாட்டுச் சந்தையில போயி பொண்ணுக்கு லாடம் வாங்கியாந்திருக்கா. மாடு கூட அத போட்டுக்கிட்டு ஒழுங்கா நடந்திருக்கும்."

"புதுசுன்னுதான்யா சொன்னான் அவன். நான் என்ன கண்டேன்?"

"நீ என்னாத்த கண்ட? அது காலு போச்சு, அதக் கண்டியா?"

பிறகு பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிற மாதிரி. பவுலினா இந்தப் பக்கம் அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்பாள். அந்த ஷூ நல்ல ஷூ இல்லைதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டுதான் தர்ஷினி மாதக்கணக்கில் அதே தரையில் எகிறிக்கொண்டிருந்தாள், ஒரு நாளும் விழவில்லை. அன்றைக்குத் தரையில் என்ன மாறியிருந்தது என்பது சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். முழங்காலிட்டதும் புருஷனிடம் கோபப்பட்டதைச் சொன்னாள். ஒரு வாரம் பூசைக்கு வராததைச் சொன்னாள். வின்சியின் மாமியாரைப் பற்றி ஒருத்தியிடம் பேசியதைச் சொன்னாள். "வேறெதாவது உண்டா?" என்று சாமியார் கேட்டார். "அவ்வளவுதான் சாமி" என்றாள். மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளே போனபோது இருந்ததைவிட ஒரு பாவம் கூடியிருந்தது.

கட்டு அவிழ்ந்து, நடந்து, ஓடவும் ஆரம்பித்தபிறகு தர்ஷினி பயிற்சிக்கு வந்தாள். பவுலினா அவளுக்குப் புது ஷூ வாங்கி வைத்திருந்தாள். நல்ல கடையில், அடிப்பக்கம் வரிவரியாக ரப்பர் போட்டது. பார்வதி வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து, கடைசியில் வாங்கி மகள் காலடியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதோடு சரியாகிவிடும் என்று பவுலினா நினைத்தாள். ஒரு ஷூவால் வந்த பழி இன்னொரு ஷூவால் போய்விடும், தன் வாய் திறக்க வேண்டியிருக்காது.

தர்ஷினி புது ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினாள், குனிந்தாள், பந்தை எடுத்துக் கொடுத்தாள். எழும்ப மட்டும் முடியவில்லை. வலைக்கு அருகே வந்ததும் கால் நின்றுவிடும். பந்து அவள் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழும்.

"டாக்டர் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாரு. வலிக்குதாம்மா?" என்று கேட்டார் குருமூர்த்தி.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"நான் எறங்குறதுலதான் சார் தப்பு. அன்னிக்கி எல்லாமே சரியாத்தான் செஞ்சேன். அப்பவும் விழுந்தேன். எங்க தப்பு செஞ்சேன்னே தெரியல. தெரிஞ்சா திருத்திக்குவேன்."

குருமூர்த்தி அவளுக்கு இறங்குகிற விதத்தைத் திரும்பச் செய்து காட்டினார். பல நாள் காட்டினார். கடைசியில் பார்வதியைக் கூப்பிட்டு, விடுதித் தேர்வு அடுத்த மாதம் வருகிறது, எகிறாதவளை நான் எப்படி அனுப்புவது, வேறு ஆளைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தினவேல் சத்தம் போடவில்லை. "செல்போன் கம்பெனிக்கு எப்ப ஆள் எடுக்கறாங்கன்னு கேட்டுட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். தர்ஷினி "சரிப்பா" என்றாள். அந்த 'சரிப்பா'வைக் கேட்டபிறகு பவுலினாவால் அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை.

மறுநாள் பந்து நாள். மாலை வெயில் மேலே கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்திருந்தது. மற்றப் பெண்கள் ஆடிக்கொண்டிருக்க, தர்ஷினி பச்சை விரிப்புச் சுருளின் மேல் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பவுலினா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தர்ஷினி, நீ எறங்குனதுல தப்பு இல்லம்மா."

"சாரும் அதத்தான் சொல்றாரு பெரிம்மா. சும்மா தைரியத்துக்கு."

"நான் தைரியத்துக்குச் சொல்லல. தரையில எண்ணெய் இருந்துச்சு."

தர்ஷினி நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தேங்கா எண்ணெய். அந்த ஓரம் முழுக்க. கோடு போவலன்னு நான்தான் தேச்சேன். வெறுங்காலுக்கு வழுக்கல, சரியா இருக்கும்னு விட்டுட்டேன். நீ விழுந்த அன்னைக்கே சோடா போட்டுக் கழுவிட்டேன்."

"நீங்களா?"

"நான்தான்."

அவள் அழுவாள் என்று பவுலினா எதிர்பார்த்தாள். கட்டிக்கொள்வாள் என்றுகூட உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எங்கம்மாவ அப்பா அந்தத் திட்டு திட்டுனாரே பெரிம்மா. தெனமும். அப்ப நீங்க அந்தப் பக்கம்தான இருந்தீங்க? உங்களுக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டே சூப்பு வெச்சீங்களா?"

தர்ஷினி எழுந்தாள். எல்லைக்கோட்டு ஓரத்துக்குப் போய், ஷூ நுனியால் தரையை அழுத்தித் தேய்த்தாள். கிரீச்சென்று சத்தம் வந்தது. "இப்ப இல்லியே?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல. சத்தியமா இல்ல."

"உங்க சத்தியம் எதுக்கு? நானே பாத்துக்கறேன்." குனிந்து கையால் தடவினாள். பிறகு பந்து போடுகிற பெண்ணிடம் கத்தினாள், "ஏய், இங்க தூக்கிப் போடுறி ஒண்ணு!"

ஓடிவந்து எழும்பினாள். கோபத்தில்தான் எழும்பினாள். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே எங்கேயோ போய்ச் சுவரில் மோதியது. இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றன. தன் காலைத் தானே குனிந்து பார்த்தாள். "இன்னொண்ணு" என்றாள்.

பவுலினா அங்கிருந்து நேரே திம்மப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, எங்கிட்ட ஏன் சொன்னீங்க பவுலினாக்கா? தெரியாத வரைக்கும் நானும் நல்லா இருந்தேன், நீங்களும் நல்லா இருந்தீங்க. இப்ப நான் மேல சொல்லணுமே." மேலே சொல்லவும் செய்தார். அந்த வாரமே அவளைத் தரை வேலையிலிருந்து எடுத்து, பார்வையாளர் படிக்கட்டுக்கும் கழிப்பறைப் பக்கத்துக்கும் மாற்றினார்கள். வேலையே போகாமல் திம்மப்பன்தான் பேசிப் பிடித்து வைத்தார் என்று பிறகு தெரிந்தது. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இனிமே தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் கூட உள்ள வரக்கூடாது" என்றார்.

தர்ஷினியிடம் சொன்ன அன்று இரவே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது கேட்டது. பிறகு ரத்தினவேல் கதவைத் திறந்து வெளியே வருகிற சத்தம்.

"பெரியவங்கன்னு மரியாத குடுத்தா, என்னா வேல பண்ணி வெச்சிருக்காங்க பாரு! இன்னைக்கு நாலு கேள்வி கேக்காம…"

"நீ உள்ள வாய்யா" என்றாள் பார்வதி. "நீ பேசுனதெல்லாம் போதும். லாடம், மாடுன்னு என்னெப் பேசுன இல்ல? மொதல்ல அதுக்கு ஒரு வார்த்த சொல்லு. அப்பறம் அவங்களக் கேக்கலாம்."

ரத்தினவேல் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கதவு சாத்தப்பட்டது.

அற்புதராஜ் பாயில் படுத்திருந்தபடி கேட்டார். "சொல்லிட்ட. இப்ப நிம்மதியாட்டி?"

"இல்ல" என்றாள் பவுலினா.

காலையில் கதவைத் திறந்தபோது வாசலில் அவளுடைய தூக்குவாளி இருந்தது. பளிச்சென்று தேய்த்துக் கழுவியிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். பூ இல்லை. பக்கத்தில் புது ஷூ இல்லை, அதைத் திருப்பித் தரவில்லை. பவுலினா அந்த இரண்டையும் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தாள்.

தர்ஷினி மறுபடி எகிறுவதைப் பார்த்துக் குருமூர்த்தி தேர்வுக்கு அவள் பெயரையே எழுதினார். தேர்வுக்கு முந்தின ஆட்டம் அரங்கத்திலேயே நடந்தது. பவுலினா மேல்படியில் பொரிப் பாக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கீழே வேறொருத்தி தரையைத் துடைத்து முடித்திருந்தாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், தடுப்புக் கம்பியின் இடைவெளியில் நுழைந்து பார்வதி தரைக்குப் போனாள். ரோஜாப் பண்ணைச் சீருடையிலேயே வந்திருந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, மகள் எகிறுகிற இடத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தரையைத் தடவினாள். கையை முகர்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அங்கேயும் தடவினாள். நடுவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை.

எழுந்தபோது மேலே பார்த்தாள். பவுலினா கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள். கையாட்டலாமா என்று நினைத்தாள், ஆட்டவில்லை. பார்வதியும் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

விசில் ஊதினார்கள். பந்து மேலே போன ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமும் அண்ணாந்தது. பவுலினா குனிந்து எல்லைக்கோட்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிவரி ரப்பர் போட்ட அந்த ஷூ தரையை விட்டுப் போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். திரும்ப வந்து ஊன்றியபிறகுதான் விடுவாள். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அரங்கத்தில் எந்த ஆட்டமானாலும் தரையைத் தடவாமல் பார்வதி இன்றுவரை மகளை இறக்குவதில்லை. திம்மப்பனும் தடுப்பதில்லை. அவள் குனிகிற நேரத்தில் பவுலினா மேல்படியில் எங்கே இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறாள். அவள் கையை முகர்ந்து முடித்தபிறகுதான் துடைப்பத்தைத் திரும்ப எடுக்கிறாள்.